வாழைப்பழத்துக்குள் ஒரு மாத்திரை

சித்தூர் முதியோர் இல்லத்தில் எனக்குப் புதிதாக ஒரு தூக்க மாத்திரை எழுதினார்கள். போட்டால் மறுநாளெல்லாம் தலை கிறுகிறுத்தது. "எனக்கு இது வேண்டாங் கண்ணு" என்றேன். நர்ஸ் பெண்ணும் "செரிங்கம்மா" என்று எடுத்துப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் பூவன்பழம் ஒன்றை உரித்து, தன் கையாலேயே ஊட்டிவிடுவாள். பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்கவில்லையே என்று உருகிப்போனேன். கிறுகிறுப்பு மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் பழம் கசந்தது. துப்பினால், அதே மாத்திரை!

"உங்க மகதானுங்க பழத்துல வெச்சுக் குடுக்கச் சொன்னாங்க. கேட்டா நீங்க ஒத்துக்க மாட்டீங்களாமா."

வடகரப்பதியில் எங்கள் மாட்டுக்கு நான் அப்படித்தான் மருந்து கொடுப்பேன். மகள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

மாட்டுக்கு வேண்டாமென்று சொல்ல வாய் கிடையாது. நான் சொன்னேனே!