மொச்சைக்கொட்டைக்குத் தமிழ் தெரிந்த கதை

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டினால் இடது கைப்பக்கம் சந்து சந்தாகப் பிரியும். அதில் ஒரு சந்தில் சந்திரம்மாள் இருக்கிறாள். வாடகை அறைகளைக் கூட்டிப் பெருக்குவது, வெளிநாட்டுக்காரர்களுக்குச் சமைப்பது, தண்ணீர் மோட்டார் போடுவது, மாடியில் துணியைக் குரங்கு தூக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள்தான். வீட்டுக்காரர் வேங்கிக்காலில் புது வீடு கட்டிக்கொண்டு போனதிலிருந்து இந்த வீட்டுக்கு அவள்தான் கலெக்டர்.

இதை எழுதிக்கொள்ளச் சொன்னதும் அவள்தான். நான் சொல்வதில் முக்கால்வாசி புளுகு என்று தெருவுக்கே தெரியும். நான் எழுதினால் ஒரு ஆளும் நம்பமாட்டான் என்று அவளுக்கு ஒரு தைரியம். அப்படியும் பெயர்களை மாற்றிவிட்டேன். மலையை மாற்ற முடியவில்லை.

சந்திரம்மாளுக்கு இங்கிலீஷில் தெரிந்தது ‘எஸ் மேடம், குட் மேடம், டுமாரோ மேடம்’. மீதியெல்லாம் தமிழ்தான். முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, மனசில் இருப்பதை அப்படியே அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லுவாள். “பாத்ரூம்ல இம்மாம் முடிய உட்டு வெச்சிருக்கியே, உங்க ஊர்ல வழிச்சி எடுக்க ஆள் வெச்சிருக்கியா கண்ணு?” என்று தாலாட்டு மாதிரி கேட்பாள். அவர்கள் கைகூப்பி, ‘நமஸ்தே’ என்பார்கள். அந்தச் சந்தில் இது அவள் ஒருத்திக்கு மட்டுமான வழக்கம் இல்லை. பூக்காரி, பால்காரன், ஆட்டோக்காரர் எல்லோரும் அப்படித்தான். நாள் முழுக்க ஒருத்தருக்குப் பணிந்து போகிறவர்களுக்கு இந்த ஒரு சுகமாவது வேண்டாமா? ஆனால் சந்திரம்மாள் வாய் தனி. அவள் ஒரு தடவை திட்டியதைக் கேட்டு, மாடியில் ஜட்டி திருடின குரங்கு மறுநாள் அதை மடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிற்று. நான் கண்ணால் பார்த்தேன்.

வருஷா வருஷம் கார்த்திகைத் தீபக் கூட்டம் வடிந்ததும் பின்லாந்திலிருந்து ஒரு அம்மாள் வருவாள். ஹெல்மி என்று பெயர். சந்து முழுக்கக் கூப்பிடுவது எல்மியம்மா. சந்திரம்மாள் வைத்த பெயர் ஒட்டடக்குச்சி. அந்த உயரம், அந்தத் தலைமுடி. வெயில் ஏறுகிற வரைக்கும் இருந்துவிட்டுப் போவாள். அடுப்படி வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சந்திரம்மாள் பேசுகிறதையெல்லாம் போனில் பதிவு செய்துகொள்வாள். ராகம் பிடித்திருந்ததாம். ஊருக்குப் போய் அதைப் போட்டுவிட்டு, வெளியே பனி கொட்ட, நாற்பது ஐம்பது பேர் கண்ணை மூடித் தியானம் செய்கிறார்களாம். “எழவெடுத்தவளே, துண்ட எடுத்துக் கொடில போடு” என்பது அங்கே மந்திரம்.

இந்த வருஷம் எல்மியம்மா காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தாள். மொச்சைக்கொட்டை அளவு, வெள்ளை நிறம். பாட்டு கேட்கிற சாமான் என்று சந்திரம்மாள் நினைத்தாள்.

“வந்துட்டியா ஒட்டடக்குச்சி? போன வருசத்துக்கு எலும்பு ஜாஸ்தி, சத கம்மி. உங்க ஊர்ல சோறு போடமாட்டாங்களா?”

எல்மியம்மா காதைத் தொட்டுக்கொண்டாள். தன் பாஷையில் போனிடம் ஏதோ சொன்னாள். பிறகு அவள் கையிலிருந்த போன், செய்தி வாசிக்கிற பெண்பிள்ளை குரலில் பேசியது. “சோறு போடுவார்கள். ஆனால் நீங்கள் சமைப்பது போல இருக்காது.”

சந்திரம்மாள் கையிலிருந்த பால் சொம்பு தரையில் உருண்டு வாசல்வரை போயிற்று. அதை எடுக்கக்கூட அவள் குனியவில்லை.

ஒரு வாரத்துக்குள் அந்த மொச்சைக்கொட்டை தெருவெல்லாம் முளைத்துவிட்டது. ஜானி பாஷா ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு வந்து புலம்பினார்.

“அக்கா, காலையில ஒரு வெள்ளக்காரன ஏத்திகினு போறேன். போற வழியெல்லாம் போன்ல எங்க வூட்டுக்காரிகூட சண்ட. அவன் பாட்டுக்கு மலையப் பாத்துகினு வரான். எறங்கும்போது தோள்ல தட்டுறான் பாரு. ‘பீபி ஜானிடம் மன்னிப்புக் கேளுங்கள், தவறு உங்கள் மீதுதான்’னு அவன் போன் சொல்லுது.”

“கேட்டியா பாய்?”

“கேட்டேன்கா. பயமா இருந்துச்சு.”

அதற்கப்புறம் சந்தில் பேச்சு கம்மியாகிவிட்டது. பூக்காரி சைகையில் முழம் போட்டாள். அடுத்த வீட்டுக் கல்லில் தோசை புரளுவது இந்த வீட்டில் கேட்டது. ஆள் யாரும் குடியில்லை போலிருக்கிறது என்று காக்கைகள் பஸ் ஸ்டாண்டு பக்கம் வீடு மாறிப் போயின.

இதெல்லாம் சிரிப்புக் கதை. சந்திரம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பயம் வேறு.

அவள் புருஷன் பரசுராமன், மகள் சிந்துஜாவுக்கு நடை வராத காலத்திலேயே லாரி விபத்தில் செத்துப்போனான் என்றுதான் ஊருக்குத் தெரியும். சிந்துஜாவின் பள்ளிக்கூடச் சான்றிதழில் அப்பா பெயருக்கு முன்னால் ‘லேட்’ இருக்கிறது. வீட்டில் படத்துக்கு மாலை இருக்கிறது. உண்மை என்னவென்றால் அவன் ஓடிப்போனான். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்று பேர் வாங்குவதைவிடச் செத்தவன் பெண்டாட்டி என்பது மரியாதை என்று அவளாகவே கொன்றுவிட்டாள். சில வருஷம் கழித்து ஒரு பௌர்ணமியில் மலை சுற்றும்போது, காவி கட்டித் தாடி வளர்த்து வரிசையில் உட்கார்ந்திருந்த சாமியார்களில் ஒருத்தர், இடது புருவத்தில் தழும்போடு நிமிர்ந்து பார்த்தார். அவளும் பார்த்தாள். பரசுராமனின் தழும்பு. அன்றிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு பொட்டலம் சோறு. அன்னதானம் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போவாள்.

எனக்குச் சொல்லும்வரை இந்தச் சங்கதியை அவள் ஒரே ஒரு ஆளிடம்தான் வாய்விட்டுச் சொன்னாள். போன வருஷம், மழை பெய்த ஒரு மத்தியானம், அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்த எல்மியம்மாவிடம். மலையிடம் சொல்வதும் அவளிடம் சொல்வதும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். பாதியில் அழவும் செய்தாள். எல்மியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையில் போன் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது எல்மியம்மாவின் போன் சொன்னது: “உங்கள் பழைய குரல்களை எல்லாம் இயந்திரத்துக்குக் கொடுத்திருக்கிறேன். பல இடங்கள் அதற்குப் புரியவில்லை. மழைச் சத்தத்தில் பேசியது ஒன்றுமே புரியவில்லை என்கிறது.”

சந்திரம்மாளுக்கு உயிர் வந்தது. அன்று சாயங்காலம் மகளுக்குச் சோறு போடும்போது, நீண்ட நாளைக்கப்புறம் வாய் திறந்து சிரித்தாள். “அந்த மிசினுக்கு நம்ம பேச்சு வரலியாண்டி சிந்து. திணறுதாம்.”

சிந்துஜா ஒரு உருண்டை சோற்றை விழுங்கிவிட்டு, “அதுக்கு வராததுதாம்மா எங்களுக்கு வரும்,” என்றாள்.

அவளுக்கு டவுனில் கடைகளுக்கு மேல்மாடியில் வேலை. ஏ.சி. ரூம், காதில் பெரிய ஹெட்போன். கம்ப்யூட்டர் வேலை என்பது மட்டும்தான் சந்திரம்மாளுக்குத் தெரியும். இப்போதுதான் முதல் தடவையாக, “அங்க இன்னாதான்டி பண்ற?” என்று கேட்டாள்.

“மிசினுக்குத் தமிழ் சொல்லித் தரோம்மா. யாரோ எங்கியோ பேசுனத துண்டு துண்டா வெட்டி அனுப்புவாங்க. யார் பேசுனதுன்னு தெரியாது. கேட்டுட்டு, இன்னா சொல்றாங்கன்னு டைப் அடிச்சுக் குடுக்கணும். மதுர பேச்சுன்னா மதுர ஆபீசு. நம்ம பக்கத்துப் பேச்சுன்னா எங்களுக்கு.”

“நம்ம பக்கம்னா?”

“நம்ம ஜில்லாதான். இன்னாத்துக்கு மோர அங்க ஊத்துற?”

மோர் தட்டுக்கு வெளியே தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் சந்திரம்மாள் சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. சாயங்காலம் ஆனால் கேட்டுக்கு வந்து நின்றுகொள்வாள். ஸ்கூட்டி திரும்புகிற சத்தம் கேட்டதும் ரோட்டுக்கே இறங்கிவிடுவாள். மகள் ஹெல்மெட்டைக் கழற்றுகிற வரைக்கும் மூச்சு விடமாட்டாள். முகம் எப்போதும்போல இருந்தால், ‘இன்னிக்கு இல்லை’ என்று உள்ளே போவாள். வெயிலில் களைத்து வந்தால்கூட, ‘தெரிந்துவிட்டதோ’ என்று பின்னாலேயே போவாள்.

எல்மியம்மாவிடம் சொல்லி அந்தப் பதிவை அழித்துவிட்டால் ஆகாதா? அதைத்தான் அவளும் நினைத்தாள். மாடிக்குப் போனாள். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது. எந்தப் பேச்சை அழிக்கவேண்டும் என்று சொல்லவேண்டும். சொன்னால் அதையும் அந்தக் கொட்டை கேட்கும். புரியாவிட்டால் அதையும் துண்டு போட்டு டவுனுக்கு அனுப்பும். சந்திரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு, போனைக் காட்டி, கையால் துடைத்துத் துடைத்துக் காட்டினாள். எல்மியம்மா தலையாட்டினாள். உள்ளே போய் ஒரு ஈரத்துணி கொண்டுவந்து, போனைப் பளபளவென்று துடைத்துக் காட்டினாள்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் ஸ்கூட்டி வந்தது. சிந்துஜா ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. அதோடு உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள்.

“இன்னிக்கி ஒரு குரல் வந்துச்சும்மா.”

சந்திரம்மாள் அடுப்பை அணைத்தாள்.

“பின்னாடி மழ சத்தம். நடுவுல ஒரு குக்கரு. விசில் அடிக்க வந்து, புஸ்னு போயிடுது. நம்ம குக்கரு மாதிரியே.”

“இன்னா சொல்லுச்சு?”

“ரெண்டே வரி. ‘செத்துட்டான்னு நான்தான் சொல்லிட்டேன். இப்போ சோறும் நான்தான் கொண்டு போறேன்.’”

குக்கர் அடுப்புமேல் உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

“நீ இன்னா அடிச்ச?” என்று கடைசியில் சந்திரம்மாள் கேட்டாள்.

“ஒண்ணும் அடிக்கல. ‘புரியவில்லை’னு ஒரு பட்டன் இருக்கு. அமுக்கிட்டேன்.”

சந்திரம்மாள் மகள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“ரொம்ப சந்தோசப்படாத. நான் அமுக்குனா அடுத்த ஆளுக்குப் போவும். அவளும் அமுக்குனா இன்னொருத்திக்கு. என் பக்கத்து சீட்டு அபிநயாவாக்கூட இருக்கலாம். முன்வரி பின்வரியெல்லாம் ஏற்கெனவே யார் யார் காதுக்குப் போச்சோ.”

அபிநயா மூன்றாவது வீட்டுப் பெண். தினமும் இந்த வீட்டில்தான் காபி குடிப்பாள்.

சிந்துஜா ஹெல்மெட்டைக் கழற்றினாள். அழுதிருந்தாள். “எங்க இருக்காரு?”

சந்திரம்மாள் சுற்றிப் பார்த்தாள். அவள் கண் அலமாரிமேல் இருந்த போனைப் பார்த்தது. சிந்துஜா எழுந்து, அந்தப் போனையும் தன் போனையும் எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்து மூடினாள். மேலே அம்மிக் குழவியையும் தூக்கி வைத்தாள். அப்படியும் சந்திரம்மாளுக்கு வாய் வரவில்லை. நாலு விரலைக் காட்டினாள். மலை சுற்றுகிறவர்களுக்கு அது போதும். வழியில் இருக்கிற எட்டு லிங்கத்தில் நாலாவது, நிருதி லிங்கம்.

“நாளைக்கு சோத்த நான் கொண்டு போறேன்,” என்றாள் சிந்துஜா.

மறுநாள் சாயங்காலம், பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மகள் சந்து முனையில் கூட்டத்தில் இறங்கினாள். மாடியில் எல்மியம்மா, காதில் கொட்டையோடு, கை ஆட்டினாள். கேட்டில் நின்ற சந்திரம்மாளுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. தழும்பைப் பற்றிச் சொல்லவில்லை. அங்கே வரிசையாகக் காவியும் தாடியுமாக உட்கார்ந்திருப்பார்கள். பெண் எந்த முகத்தைப் பார்த்துக் கேட்பாள்? யாரைப் பார்த்து, என்னவென்று கூப்பிடுவாள்?

கூப்பிட்டால் காதில் விழுகிற தூரம்தான். வாயைத் திறந்தாள். ரோடு முழுக்கத் தலை, தலைக்கு இரண்டு காது. அதில் எந்தக் காதில் எது இருக்கிறதோ. குரங்கையே பணியவைத்த வாய், ஒரு சத்தமும் வராமல் மூடிக்கொண்டது.

புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பில்லாமல் கூட்டத்துக்குள் ஓடினாள். பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து வழிவிட்டார்கள்.