ஆர்லீன் எழுதி வைத்த ஆமைக் குழிகள்

ஆர்லீன் ஹூடாக் முப்பது வருடமாக எங்கள் பகுதியில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். நான் எட்டு வருடம் அதில் போனவன். பின்னிருக்கையில் யாராவது எழுந்து நின்றால் கண்ணாடியில் பார்த்து, "நீ உட்கார்ற வரைக்கும் வண்டி நகராது. எனக்கு வீட்டுல யாரும் காத்துட்டு இல்ல" என்பார். குரலை உயர்த்த மாட்டார். நாங்கள் உட்கார்ந்துவிடுவோம்.

ஜூன் மாதத்தில் மட்டும் அவருக்கு அவசரம் உண்டு. மாலையில் பேருந்தைக் கொண்டுபோய் விட்டதும் நேராக ஆற்றோர இயற்கை மையத்துக்குப் போவார். முன்பு கண்ணாடித் தொழிற்சாலையின் சரக்கு ரயில்கள் நின்ற இடம் அது. ஒரு பக்கம் நெடுஞ்சாலை, மறு பக்கம் ஆறு, நடுவில் குளமும் நாணலும். தண்டவாளங்களைப் பிடுங்கியபின் மிஞ்சிய சரளைச் சரிவு ஒன்று நாள் முழுக்க வெயில் வாங்கிக்கொண்டு கிடந்தது. குளத்தில் இருந்த மஞ்சள் கழுத்து ஆமைகள் முட்டையிட அங்கேதான் ஏறும்.

ஆமை குழி தோண்டி, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போகும்வரை ஆர்லீன் தள்ளி நின்று பார்ப்பார். பிறகு குழியின் மேல் கம்பி வலைக்கூண்டு ஒன்றை அழுத்திப் பதிப்பார். இல்லாவிட்டால் விடிவதற்குள் ரக்கூன்கள் தோண்டித் தின்றுவிடும். கூண்டின் மேல் காய்ந்த புல்லைப் போட்டு மறைப்பார். அது ரக்கூனுக்காக இல்லை, மனிதர்களுக்காக. இந்த ஆமைகளைப் பிடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் மையத்தின் தொண்டர்களிடையே ஒரு வழக்கம்: குழி எங்கே என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. சரிவில் நின்ற மூன்று பழைய சிக்னல் கம்பங்களிலிருந்து எத்தனை காலடி என்று ஆர்லீன் தன் நோட்டில் எழுதிக்கொள்வார். பத்தொன்பது கோடை, பத்தொன்பது நோட்டு.

குளத்தில் தண்ணீர் அளவு பார்க்கும் டுவேன், ஓய்வுபெற்ற தபால்காரர், அவரைச் சீண்டுவதற்கென்றே வருவார்.

"புருஷன் இருந்திருந்தா அவன்கிட்டயாவது சொல்லியிருப்பியா, ஆர்லீன்?"

"இருந்தப்பவும் சொல்லல. அதான் போயிட்டான்."

"பின்ன, ஆமை இருக்கற இடம் உனக்குத் தெரியும், பொண்டாட்டி இருக்கற இடம் அவனுக்குத் தெரியாதுன்னா எவன் இருப்பான்."

"உனக்கு ரெண்டுமே தெரியாது. போய் தண்ணிய அளந்து பாரு."

மையத்தின் இயக்குநர் டிரென்ட் வெக்ஸ்லி வேறு ஊரிலிருந்து வந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எல்லோர் பெயரையும் நினைவில் வைத்திருப்பார். போன வருடத்துக்கு முந்தைய வருடம், ஜனவரியில், ஒரு பெட்டி டோனட்டோடு ஆர்லீன் வீட்டுக்கு வந்தார். அப்போது நான் அவர் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தேன். உள்ளே கூப்பிட்டு எனக்கும் காபி கொடுத்தார்கள்.

"சரிவுல நிரந்தரமா வேலி போட ஒரு வாய்ப்பு வந்திருக்கு, ஆர்லீன். ஆனா எங்கெங்க குழி இருக்குன்னு பூங்காக் குழுகிட்ட காட்டணும். அது உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு" என்றார் டிரென்ட்.

"யாரு யாரு பாப்பாங்க?"

"நான், குழு. அவ்வளவுதான். வெளிய போகாது."

ஆர்லீன் கோப்பையை மேசையில் ஒரு சுற்றுத் திருப்பினார். வேலி வேண்டும் என்று எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். எழுந்து போய், நோட்டுகளை அடுக்கி வைத்திருந்த காலணிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"கம்பத்துலேர்ந்து எண்ணும்போது என் காலடிய வெச்சு எண்ணணும். உங்க காலு பெருசு. தப்பாப் போயிடும்" என்றார்.

டிரென்ட் சிரித்தார். மறுநாளே அவரை மையத்துக்கு வரச்சொல்லி, அவர் காலடியை நாடா வைத்து அளந்துகொண்டார்கள். அதில் ஆர்லீனுக்குப் பெருமை. அந்த வாரம் பேருந்தில் யாரையும் கண்டிக்கவில்லை என்று என் தங்கை சொன்னாள்.

மார்ச்சில் மையத்தின் கூடத்தில் பொதுக்கூட்டம். தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்பதால் பலர் தேவாலயத்தில் மீன் வறுவலைச் சாப்பிட்டுவிட்டு, கையில் எண்ணெய் வாசனையோடு வந்திருந்தார்கள். அறுபது பேர் இருக்கும். முன்னால் ஒரு பெரிய பலகை. அதில் சரிவின் படம், படத்தில் ஆமைகள் திரும்பத் திரும்ப வந்து குழி போட்ட நாற்பத்தொரு இடங்களில் சிவப்புப் புள்ளிகள். ஓரத்தில் அலங்காரத்துக்காக நோட்டுப் பக்கம் ஒன்றைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். ஆர்லீனின் சாய்ந்த கையெழுத்தைப் பின்வரிசையிலிருந்தே படிக்க முடிந்தது. அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே அதைப் பார்த்தார்.

ஆலோசனை நிறுவனத்திலிருந்து வந்த பெண் விளக்கினார். சரிவைச் சமப்படுத்தி, பள்ளிப் பேருந்துகள் வந்து திரும்பத் தார்த் தளம் போடப்போகிறார்கள். குளத்துக்குப் பின்னால் மணலைக் கொட்டி ஒரு மேடு செய்து, முட்டைகளை அங்கே மாற்றுவார்கள். "பொதுவா குழி எங்க இருக்குன்னு தெரியாது. ரெண்டு கோடை ஆய்வு பண்ணி, அப்புறம்தான் கையே வெக்க முடியும். இங்க எந்தெந்த இடத்துக்கு வருதுன்னு எல்லாம் துல்லியமா இருக்கு. ஜூலையிலயே வேலைய ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

டிரென்ட் எழுந்தார். "இதுக்கு ஒருத்தருக்கு நன்றி சொல்லணும். பத்தொன்பது வருஷ உழைப்பு. ஆர்லீன், கைய தூக்குங்க, எல்லாரும் பாக்கட்டும்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் இரண்டு தட்டு தட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

தட்டல் ஓயும்வரை ஆர்லீன் காத்திருந்தார். "வேலின்னு சொன்னீங்க" என்றார்.

"வேலி இருக்கு ஆர்லீன். தளத்தைச் சுத்தி வருது."

"வெளிய போகாதுன்னு சொன்னீங்க."

"குழு கூட்டம்னா பொதுக்கூட்டம்தான். அத மறைக்க முடியாது." டிரென்டின் குரல் இன்னும் மென்மையாக இருந்தது. "இங்க பஸ் திருப்ப இடமில்லன்னு வருஷா வருஷம் எழுதிக் குடுத்ததே நீங்கதான். பிள்ளைங்க வரட்டும்னுதான இவ்வளவும்."

அது உண்மை. பிள்ளைகளை அழைத்து வரும்போதெல்லாம் அவர் பேருந்தை நெடுஞ்சாலை வரை பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது.

"நான் எழுதினது பழைய தொழிற்சாலையோட செங்கல் கொட்டகை இருந்த இடத்தப் பத்தி."

"அங்க மண்ணுல ரசாயனம் இருக்கு. தோண்டவே முடியாது."

"அப்போ அத அன்னைக்கு என் அடுப்படியில உட்கார்ந்து சொல்லியிருக்கலாம்."

 நோட்டுகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஆர்லீன் கேட்டார். தொண்டராகச் சேரும்போது அவர் கையெழுத்திட்ட தாளில், எழுதுகிற பதிவெல்லாம் மையத்துக்குச் சொந்தம் என்று ஒரு வரி இருந்தது. ஆலோசனைப் பெண் அதைச் சங்கடத்தோடுதான் சொன்னார். டுவேன் தன் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். 

ஆர்லீன் நோட்டில் எழுதாமலேயே இருந்திருந்தால் சரிவுக்கு இரண்டு கோடை கிடைத்திருக்கும். கடிதம் எழுதலாம், ஆள் சேர்க்கலாம், வேறு இடம் தேடலாம். அவர் ஒழுங்காக இருந்ததுதான் எல்லாவற்றையும் சீக்கிரமாக்கிவிட்டது. வெளியே வண்டியருகே நின்று அவர் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது: "திருடன் வருவான் வருவான்னு புல்லப் போட்டு மூடினேன். நானே பெட்டியில வெச்சுக் குடுத்திருக்கேன்."

அவர் இனி அந்தப் பக்கமே போகமாட்டார் என்று நினைத்தேன். ஜூனில் ஆமைகள் ஏழு குழி போட்டன. முட்டைகளை எடுக்க நிறுவனம் இரண்டு இளைஞர்களை அனுப்பியது. முதல் குழியில் அவர்கள் முட்டைகளை வாளியில் உருட்டிப் போடுவதை டுவேன் பார்த்துவிட்டு ஆர்லீனுக்குப் போன் செய்தார். ஆமை முட்டையை இட்ட நிலையிலிருந்து திருப்பினால் உள்ளே குஞ்சு செத்துவிடும். ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் புள்ளி வைத்து, அந்தப் புள்ளி மேலே பார்த்தபடியே எடுத்துப் புதைக்க வேண்டும்.

ஆர்லீன் கால்மணி நேரத்தில் வந்துவிட்டார். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. முழங்காலிட்டு உட்கார்ந்து, மீதி ஆறு குழிகளையும் விரலாலேயே தோண்டி, அறுபத்து மூன்று முட்டைகளை ஒவ்வொன்றாக மேட்டுக்கு மாற்றினார். மூன்று மாலை ஆனது. டிரென்ட் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து நீட்டினார்.

"நீங்க வருவீங்கன்னு தெரியும், ஆர்லீன்."

"எனக்கும் தெரியும்" என்றார் ஆர்லீன், பாட்டிலை வாங்காமல். "அத வெச்சுத்தான எல்லாக் கணக்கும் போட்டீங்க."

செப்டம்பரில் மேட்டிலிருந்து இருபத்தாறு குஞ்சுகள் வந்தன. அதைத் தன் செய்திமடலில் வெற்றி என்று மையம் எழுதியது. ஆர்லீன் தொண்டர் அட்டையைத் தபாலில் அனுப்பிவிட்டார்.

போன ஜூனில் பெண் ஆமைகள் மறுபடி கிளம்பின. புது மேட்டை அவை திரும்பியும் பார்க்கவில்லை. பழைய வழியே வந்து, தளத்தைச் சுற்றியிருந்த வேலியில் முட்டி, அதை ஒட்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்ததை நானே பார்த்தேன். நாலைந்து நாளில் அவை காணாமல் போயின. எங்கோ முட்டையிட்டுவிட்டன. எங்கே என்று மையத்துக்குத் தெரியவில்லை. பூங்காக் குழு அறிக்கை கேட்டிருந்தது.

டிரென்ட் ஒரு காலையில் பேருந்து நிறுத்தத்துக்கே வந்தார். என் தங்கையை ஏற்றிவிட நான் நின்றிருந்தேன். அவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "ஆமைங்க எங்க போச்சுன்னு உங்க கண்ணுல பட்டிருக்கும்ல, ஆர்லீன்? காப்பாத்தத்தான் கேக்கறேன்" என்றார்.

"நான் பாக்கல."

"ஒரு இடம்கூடவா?"

"காலை எடுங்க. கதவ மூடணும்."

டிரென்ட் இறங்கிக்கொண்டார். ஆர்லீன் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு முந்தைய மாலை, ஓரிடத்தில் அவருடைய டிரக் நின்றிருந்ததையும், பின்னால் வலைக்கூண்டுகள் கிடந்ததையும் நான் பார்த்திருந்தேன். எந்த இடம் என்று இங்கே எழுதப்போவதில்லை.

மாலையில் தங்கையை இறக்கிவிடப் பேருந்து வந்தபோது, கூண்டு அழுத்த நானும் வரட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன். ஆர்லீன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து என்னை நேராகப் பார்த்தார். எட்டு வருடம் நான் உட்கார்கிறேனா என்று பார்த்த அதே பார்வை இல்லை அது.

"எந்தக் கூண்டு?" என்றார். கதவு மூடியது.