தேயிலையைப் பிடுங்கிப் புல் நட்டவர்

டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய லொறி டிரைவர் நேரே கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வந்து செய்தியைச் சொன்னார். பாக்கியலட்சுமி அம்மாள் போய்விட்டார். நிறுவை அப்படியே நின்றது. பெண்கள் கூடைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அவரை அறிந்தவர்களுக்கு அறிமுகம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கணவர் விட்டுச்சென்ற சின்னத் தோட்டத்தைத் தானே நின்று நடத்தியவர். நான் அவருடைய கணக்கெழுதும் கிளாக்கர். "கிளாக்கரய்யாவுக்குப் பொகையில தெரியும், தேயில தெரியாது" என்று, புகையிலை விளையும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என்னைக் கடைசிவரை கேலி செய்தார். அதில் பாதி உண்மை.

தேயிலை நல்ல விலைக்குப் போன ஒரு வருடம். பக்கத்துத் தோட்டங்களில் முற்றிய இலையைக்கூட விடாமல் பறித்தார்கள். அம்மாளோ, கிழட்டுச் செடிகளை வருடத்துக்கு ஒரு மலையாக, அதாவது தோட்டத்தில் ஒரு சரிவாக, பிடுங்கிப் புதிது நடப்போவதாகச் சொன்னார். முதலில் பஸ் போகும் ரோட்டோரத்து மலை.

"ஊர் சிரிக்குமம்மா. மறைவான இடமாப் பார்த்துத் தொடங்குங்கோவன்" என்றேன்.

"மறைவுல தொடங்குனா பாதியில விட்டுருவோம்ங்க. ரோட்டோரம்னா விட முடியாது, வெக்கமாப் போயிரும்."

ஊர் சிரிக்கத்தான் செய்தது. பிடுங்கிய இடத்தில் மண் தேறுவதற்காக இரண்டு வருடம் புல் வளர்க்க வேண்டும். பஸ்ஸில் போனவர்கள் 'புல்லுத் தோட்டம்' என்று பெயர் வைத்தார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. குடியுரிமை இல்லாமல், நாளை எங்கே என்று ஒவ்வொரு வீடும் பயந்திருந்த காலம் அது. தோட்டம் மாட்டுப் பண்ணையாகப் போகிறது என்று கதை பரவிற்று. ஒரு காலை, பெரட்டுக்களத்தில் வேலை பிரிக்கும் நேரம், கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடையைத் தொடவில்லை. அவர்களில் மூத்தவரான கருப்பாயி முன்னால் வந்தார்.

"புல்லு நட்டா மாடு திங்கும். நாங்க எங்கங்க போறது?"

அம்மாள் கோபப்படவில்லை. "ஒரு மலைக்கு மேல ஏன் பிடுங்கலன்னு நெனைக்கிற? மத்த மலைங்கள்ல எல்லாருக்கும் வேலைக்குப் பேரு போட முடியணும்ல. புல்லு வெட்டணும், நாத்துக்குத் தண்ணி ஊத்தணும். யாரு பேரையும் வெட்ட மாட்டேன்."

"வெட்டுனா இங்கயேதான் உக்காருவோம்ங்க."

"உக்காரு. நானும் பக்கத்துல உக்காருறேன்."

கருப்பாயி முழுதாக நம்பவில்லை. ஆனாலும் கூடையை எடுத்தார். யார் பேரும் வெட்டப்படவில்லை. அந்த வருடங்களில் அம்மாள் இருந்த பங்களாவின் கூரை ஒழுகியது. மாற்றலாம் என்றால், காசு நாற்றுக்கும் சம்பளத்துக்கும் வேண்டும், பிறகு பார்க்கலாம் என்பார். மழைக்குக் கூடமெங்கும் பாத்திரம் வைத்தோம்.

பிறகு விலை விழுந்தது. கிழட்டுச் செடிகளோடு தாக்குப்பிடிக்க முடியாமல் பக்கத்துத் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. அங்கிருந்த குடும்பங்கள் சட்டி பானையோடு ரோட்டில் நின்றன. அவர்களுக்கு மேலே எங்கள் மலையில் இளங்கொழுந்து தளதளவென்று நின்றது. அம்மாள் பெருமை பேசவில்லை. எத்தனை பேரைச் சேர்க்க முடியும் என்று மட்டும் கேட்டார். சிலரைத்தான் முடிந்தது. அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு பயத்தை. "வெல எறங்குனா எல்லாரும்தான் யோசிப்பாங்க. நல்லா இருக்கறப்பதான் பயப்படணும்" என்பார். இந்த மாதம் விலை நன்றாக இருக்கிறது. அடுத்த மலையைப் பிடுங்காமல் இந்த வருடம் விட்டுவிடலாமே என்கிறார் அம்மாளின் மகன். கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அம்மாளின் சொல்லுக்கு இருந்த எடை என் சொல்லுக்கு இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.