தாழ்ந்து வந்த தோணி

“…அட போங்கண்ணே, ஈயம் ஏத்தாம தோணி இப்படி முங்குமா? வெறுந்தோணின்னா தேங்கா மட்டையாட்டம் மெதக்கும்லா!” என்றான், வரிசையில் எனக்கு முன்னால் நின்ற என் கூட்டாளி.

ஈயம் விலைபோகாமல் உருக்காலை அடுப்புகள் அணைந்தபோதே, பினாங்குத் துறைமுகத்தில் சரக்கேற்றிய எங்களுக்கும் வேலை போய்விட்டது. அரசாங்கச் செலவில் நாகப்பட்டினம் திரும்ப அன்று கப்பலுக்குக் காத்திருந்தோம். இரண்டு வருடமாகக் காலித் தோணிகளையே பார்த்த கண்ணுக்கு, விளிம்புவரை தாழ்ந்து ஒன்று வந்தால் மனசு ஓரிடத்தில் நிற்குமா?

“ஒத்தத் தோணிய நம்பி நிக்கிறியாடா? இந்தக் கப்பல விட்டா இன்னொருக்கா ஓசியில ஏத்த மாட்டான்.”

“பின்னாலேயே ரெண்டாவதும் வருது, பாருங்க!”

சொல்லிக்கொண்டே தன் தகரப் பெட்டியை என் பெட்டிமேல் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோணி அணைகிற படித்துறைக்கு ஓடினான்.