வேலாயுதண்ணன் நடித்த படம்

வேலாயுதண்ணன் இறந்துவிட்ட செய்தி மேட்னி ஷோவின் நடுவில் வந்தது. படம் ஓட்டும் மெஷினை விட்டு நகர முடியாமல் கேபினிலேயே நின்று அழுதேன். இடைவேளையில் காட்டச் சொல்லி முதலாளி ஒரு ஸ்லைடு எழுதி அனுப்பினார்: ‘நமது தியேட்டரின் கேட் ஊழியர் வேலாயுதம் மறைவுக்கு வருந்துகிறோம்.’ கேட் ஊழியராம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் நடிகர். சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்து, இளம் வயதில் மதராசுக்குப் போய், பேசாத படங்களில் கதாநாயகனாக நடித்தவர். குதிரை ஏறுவார், மதிலிலிருந்து குதிப்பார், டூப் கிடையாது. பிறகு படங்கள் பேச ஆரம்பித்தன. “பாடத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன். அதோட சரிப்பா” என்பார். முகத்தில் அத்தனை திறமை இருந்தவரைத் தொண்டையைக் காரணம் காட்டித் துரத்திவிட்டார்கள். ஊர் திரும்பியவர் எங்கள் தியேட்டரில் டிக்கெட் கிழித்தார்.

நான் ஆபரேட்டராகச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் நடுப்படத்தில் சத்தம் நின்றுவிட்டது. தரை டிக்கெட்காரர்கள் கூச்சல் போட்டார்கள். அண்ணன் திரைக்கு முன்னால் ஏறி நின்றார். பெண் பார்க்க வந்த இடத்தில் கொதிக்கும் காபியை வாயில் ஊற்றிக்கொண்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவிக்கும் மாப்பிள்ளையாக நடித்துக் காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. கொட்டகையே சிரித்து உருண்டது. நான் சரிசெய்து முடித்தபோது, படத்தை அப்புறம் போடச் சொல்லிக் கத்தினார்கள்.

ஆனால் அவர் மகள் கனகம் அவரை நம்பவில்லை. டிக்கெட் கிழிக்கிறவர் கதாநாயகனா என்று புகுந்த வீட்டில் சிரித்ததில் அவளுக்கு அவமானம். அதற்காகவே அவர் மதராசுக்கு அலைந்து, மூடிக்கிடந்த ஒரு ஸ்டுடியோவில் தம் படத்தின் மிஞ்சிய ஒரே சுருளைக் கேட்டு வாங்கி வந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குதிரை மேல் அவரேதான். அதே மூக்கு, அதே சிரிப்பு. பொங்கலன்று காலையில் கனகத்துக்குப் போட்டுக்காட்ட முதலாளி சம்மதித்து, சுருளைத் தம் அறையில் வாங்கி வைத்தார்.

பொங்கலுக்கு முன்பே முதலாளி அதை விற்றுவிட்டார். எங்கள் ஊரில் கிழிந்த பட்டுப்புடவைகளை வாங்கி, எரித்து, சரிகையிலிருந்து வெள்ளி எடுப்பவர்கள் உண்டு. பழைய பிலிமிலும் வெள்ளி இருக்கிறது என்று யாரோ சொல்ல, அவர்களிடமே கொடுத்துவிட்டார். குப்பென்று எரிந்து போயிற்றாம். நான் சண்டைக்குப் போனேன். பேசாத படத்தை எவன் பார்ப்பான் என்று என்னையே கேட்டார். பாவி! அண்ணன் சண்டை போடவில்லை. “இனிமே அவகிட்ட எத்தப்பா காட்டுவேன்?” என்று மட்டும் சொன்னார்.

சாவு வீட்டுக்கு முதலாளி பெரிய ரோஜா மாலையோடு வந்தார். என்னைச் சித்தப்பா என்று அழைக்கும் கனகம் அருகில் வந்து, “அப்பா நெஜமாவே நடிச்சாரா சித்தப்பா?” என்று கேட்டாள்.

“நடிச்சாரும்மா. நான் கண்ணால பாத்தேன். அந்தப் படத்த வெள்ளிக்கு வித்தவரு இதோ மாலைய வெச்சிக்கினு நிக்கிறாரு, அவரையே கேளு” என்றேன். வேலை போனால் போகட்டும்.

முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு, “ஒரே ஒரு சுருள்தானேம்மா” என்றார்.

கனகம் அவரை மாலை போட விடவில்லை. தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு அப்பாவின் தலைமாட்டில் நிறுத்தினாள். “ஒங்க தாத்தா சினிமால நடிச்சவரு. மொகத்த நல்லா பாத்துக்குங்க.”

அவள் நம்பிவிட்டாள், அண்ணா. நீங்கள் நிம்மதியாகப் போங்கள். எனக்குத்தான் கோபம் ஆறவில்லை.