ராஜா தாண்டிய ஆட்டம்

என் கணவர் தம்முடைய சிறந்த தாக்குதல் ஆட்டங்களைத் தொகுத்துப் புத்தகமாக்க முற்பட்டபோது, அவற்றைப் படியெடுத்தவள் நான். அல்சூரில் பள்ளி ஆசிரியராக இருந்த அவருக்குச் சதுரங்கத்தில் ஊரிலே இணையில்லை. பத்தொன்பது ஆட்டங்களை எடுத்து வைத்தார். அவருக்குக் கோப்பை வாங்கித் தந்த ஆட்டம் மட்டும் அவற்றில் இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் வீடுகளில் ஆடும் முறையில், ராஜா ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாண்டலாம். ஆங்கில முறையில் அதற்கு இடமில்லை. ராஜாவை யானையின் பக்கம் ஒதுக்கிக் கோட்டை கட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கண்டோன்மெண்ட் மண்டபத்தில் இறுதி ஆட்டம் ஆங்கில முறையில் நடந்தது. எதிரே மதராஸிலிருந்து வந்த வெள்ளைக்கார ரயில்வே இன்ஜினீயர். பன்னிரண்டாம் நகர்த்தலில் இவர் கை ராஜாவை எடுத்துக் குதிரையைப் போலத் தாண்டி வைத்தது. பின்வரிசையில் நகர்த்தல்களைக் குறித்துக்கொண்டிருந்த நானும் அதை ஐயமின்றி எழுதினேன். மண்டபம் சிரித்த பிறகே எனக்கு உறைத்தது.

தொட்ட ராஜாவை நகர்த்தியே ஆகவேண்டும் என்றார் நடுவர். ஒரு கட்டம் நகர்த்தினார். கோட்டை கட்டும் உரிமை போயிற்று. அதற்குப் பின் அவர் எந்தக் காயையும் பின்னுக்கு எடுக்கவில்லை. குதிரையைக் கொடுத்தார், யானையைக் கொடுத்தார். காவலின்றி நின்ற அந்த ராஜாவைத் திரும்பிப் பார்க்க இன்ஜினீயருக்கு அவகாசமே கிடைக்கவில்லை. இருபத்தாறாம் நகர்த்தலில் வெற்றி. அதைப் போன்றதோர் ஆட்டத்தை நான் பிறகு கண்டதில்லை.

புத்தகத்துக்காக அந்த ஆட்டத்தையும் ஒரு தாளில் படியெடுத்து அவர் முன் வைத்தேன்.

“அத விட்டுடு,” என்றார். “படிக்கிறவன் சிரிப்பான்.”

“சிரிக்கட்டுமே. அன்னைக்குச் சிரிச்சவங்கதான் கடைசில எழுந்து நின்னு கை தட்டினாங்க.”

“பாடம் சொல்ற புத்தகத்துல வாத்தியாரே தப்புப் பண்றதா?”

“வாத்தியார் மட்டுமா? இதையும் பாருங்க.” பழைய நோட்டில் நான் எழுதி அடித்திருந்த வரியைக் காட்டினேன். “வீட்ல ஆடிப் பழகினவங்கதான இதப் படிக்கப் போறாங்க? அவங்க கையும் தாண்டும். தாண்டிட்டா என்ன பண்றதுன்னு மத்த பத்தொன்பதுல எங்க இருக்கு?”

நோட்டை வாங்கி அந்த வரியைப் படித்தார்.

“நீயும் எழுதினியா? இத்தன வருஷமா வாயத் தொறக்கலயே.”

“நீங்க கேக்கலயே.”

“கள்ளி,” என்றவர், பேனாவை வாங்கி ஆட்டத்தின் கீழே எழுதினார்: ‘தவறு நேர்ந்தபின் அதற்குக் காவல் தேடி ஒடுங்காதீர்கள். எதிராளியின் ராஜாவை நோக்கிச் செல்லுங்கள். உங்கள் தவறைப் பயன்படுத்திக்கொள்ள அவனுக்கு நேரம் இருக்கக் கூடாது.’

பிறகு பத்தொன்பது ஆட்டங்களுக்கும் மேலாக அந்தத் தாளை வைத்தார். புத்தகத்தில் அதுவே முதல் ஆட்டம். ராஜா தாண்டிய வரியும் அதில் அச்சாகியிருக்கிறது.