பஸ்ஸைத் தள்ளிய எம்.எல்.ஏ.

எங்கள் எம்.எல்.ஏ.வை அந்த ஒரு தடவைதான் நேரில் பார்த்தேன், நான் போன பஸ்ஸில். பேசும்போதெல்லாம் துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். வாலாஜாபாத் தாண்டியதும் பஸ் பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை; அவரிடமே கேட்டுவிட்டேன்.

“சட்டசபைல பேசிக்கினே இருக்கீங்களே, ரோடு எப்பதாங்க வரும்?”

“பணம் வேணும்பா. டிக்கெட்டை ஏத்தலாமா?”

“கூடாது!” என்று பஸ்ஸே அலறியது.

“நெலத்துக்கு வரி?” என்றார். விவசாயிகள் கத்தினார்கள்.

“பட்டுக்கு?” தறிக்காரர்கள் நாங்கள் எழுந்தே நின்றுவிட்டோம்.

அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். “அங்கயும் இதே கூத்துதான்பா” என்று இறங்கிப் போனார்.

யார் தலையில் வரியைக் கட்டுவது என்று உள்ளே சண்டை வலுத்தது. பஸ் இன்னும் நகரவில்லையே என்று திரும்பிப் பார்த்தேன். நாங்கள் அத்தனை பேரும் உள்ளே இருக்க, அவர் ஒற்றை ஆளாகப் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

எங்களை ஒரு வார்த்தை கூப்பிடக் கூடாதா? என்ன மனிதர்!